மறுக்கா கேட்ட பூ

வாங்க தம்பி. பிக்கப்ப ஷெட்டு வாசலுக்குப் பின்பக்கமா உட்டு நிறுத்துங்க. இல்ல வேண்டாம், அங்கயே நிக்கட்டும். ஏத்தறதா வேண்டாமான்னு இன்னும் முடிவாகுலீங்க. திருப்பூர்ல இருந்து ரத்னசாமி அண்ணன்தானே தாட்டி உட்டாரு? ம். காலைல போன் பண்ணுனாரு. "ஆளு வருவான் சம்பந்தி, உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணுங்க"ன்னாரு. இன்னமும் சம்பந்திங்கறாரு பாருங்க. தோணறது ஒண்ணா இருந்தா எனக்கு இந்தப் பாடு எதுக்குங்க?

உக்காருங்க. அந்த டயர் மேல உக்காருங்க, சுத்தமாத்தான் இருக்குது. நான் நின்னுக்கறேன். உக்காந்தா எனக்குக் கால் ஆடுதுங்க, ஊட்டுக்காரி சகுந்தலா பாத்தா வைவா. டீ வருது. பேரென்னன்னீங்க, காளிராசாங்களா? சாத்தூருப் பக்கம். அப்ப எங்க பக்கத்து வழக்கமெல்லாம் உங்களுக்குத் தெரியாது. சொல்லித்தான் ஆகோணும். நீங்க பாட்டுக்கு என்ஜின ஏத்திட்டுப் போயி அங்க எறக்குனீங்கன்னா, நாச்சிமுத்து ஒரு கிறுக்கன்னுதான் அங்க அல்லாரும் பேசுவாங்க. பேசிட்டுத்தான் இருப்பாங்க, எனக்குத் தெரியாதா?

அதா, அந்த நீலத் தார்ப்பாய்க்குள்ள இருக்குது பாருங்க, அதுதான் நீங்க எடுக்க வந்தது. தொடாதீங்க. சும்மா பாருங்க. வரிசையா ஆறு சிலிண்டர். இந்தப் பக்கம் நிக்குதே வெள்ளையா, இது என்ற வண்டி. ஜப்பான்காரன் செஞ்சது. ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு. ஊட்டி எஸ்டேட்டுக்காரர் ஒருத்தர் வெச்சிருந்து, என்ற கைக்கு வந்துது. அன்னிக்கே சகுந்தலா கேட்டா, "ஏனுங்க, ஊட்டுல மூணு பேரு இருக்கறோம், ரெண்டு சீட்டு வண்டில யார உட்டுட்டுப் போவீங்க"ன்னு. நான் பானெட்டத் தூக்கிட்டு உள்ள குனிஞ்சுட்டேன்.

நல்லாத்தான் ஓடுச்சு. நாலு சிலிண்டர்தான், ஆனா மிதிச்சா கத்தும் பாருங்க, அந்தச் சத்தத்துக்கே பெட்ரோல் ஊத்தலாம். ஞாயித்துக்கெழமையானா நானும் பொண்ணும் கெளம்பிருவோம். அப்ப அவ சின்னப்புள்ள. பக்கத்துல உக்காந்துட்டு, சத்தத்த வெச்சே "அப்பா, கியர் மாத்துங்க"ம்பா. சரியாவும் இருக்கும். அதெல்லாம் அப்ப.

அப்பறம் வயசாச்சு. எனக்கில்லீங்க, என்ஜினுக்கு. ஒருநாள் ஊட்டி ரோட்டுல, கல்லாறு தாண்டி ஏத்தத்துல போயிட்டிருக்கறேன். பின்னால ஒருத்தன் ஆரன் அடிக்கறான். பாத்தா தக்காளி வண்டி! கூடை கூடையாத் தக்காளி. என்னைத் தாண்டிட்டுப் போறான். தாண்டறப்ப அந்த டிரைவரு எனக்குக் கை காட்டுனான் தம்பி. போயிட்டு வர்றேன்னு காட்டுனானா, பாவம்னு காட்டுனானா, எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அன்னில இருந்து எனக்குச் சோறு எறங்குலீங்க.

ரெண்டே வழிதானுங்க. ஒண்ணு, இருக்கற என்ஜினையே பிரிச்சு, சிலிண்டர அகலமாக் கொடஞ்சு போர் போட்டு, பெரிய பிஸ்டனா மாத்தி, ஹெட்டத் தேச்சு, தேறுனா டர்போ வெக்கறது. இல்லாட்டி, இத எறக்கிப் போட்டுட்டு வேற பெரிய என்ஜினே வெச்சர்றது. நான் யாரத்தான் கேக்குலீங்க? மெக்கானிக்கு வின்சென்டக் கேட்டேன். இன்சூரன்சுக்காரனக் கேட்டேன். முடி வெட்டறவரக் கேட்டேன், அவரு "மாத்தீருங்க அண்ணா, எப்பவும் புதுசு புதுசுதான்"னாரு. வின்சென்டு காலைல போர் போடலாம்பான், மத்தியானம் மாத்திப்புடலாம்பான். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு காலுன்னு கெடந்தேன்.

அப்பத்தான் ரத்னசாமி அண்ணன் அவரு பையனுக்கு எங்கூட்டுல பொண்ணு பாக்க வந்தாரு. உங்க மொதலாளியப் பத்தி நான் ஒரு சொல் குத்தஞ் சொல்ல மாட்டேனுங்க. தங்கமான மனுசன். பையனும் நல்ல பையன், எக்ஸ்போர்ட்டெல்லாம் அவந்தானே பாத்துக்கறான். அல்லாரும் ஊட்டுக்குள்ள பலகாரம் தின்னுட்டு இருக்கறாங்க, இவரு மட்டும் கை கழுவ வந்தவரு அப்படியே ஷெட்டுக்குள்ள வந்துட்டாரு. பானெட்டத் தூக்கிப் பாத்தாரு. "ஏனுங்க, இவ்வளவு நீளமா மூக்கு வெச்சுட்டு உள்ள நாலுதானா? இதுக்கு ஆறு வெச்சா எப்படி இருக்கும்!"ன்னாரு. எனக்கு மேலு சிலிர்த்துப் போச்சு தம்பி. என்ற மனசுல கெடந்தத அப்படியே எடுத்துச் சொல்றாரு! அவரு குடோன்ல ஒரு என்ஜின் சும்மா கெடக்குதாம், வேற வண்டிக்குன்னு எறக்குனதாம். அடுத்த வாரமே வந்து எறங்கிருச்சு. "இருக்கட்டும் சம்பந்தி, நமக்குள்ள என்ன"ன்னுட்டாரு. இந்தப் பிக்கப்புலதான் வந்துதுன்னு நெனைக்கறேன். ஆமாங்களா?

அந்த என்ஜின் இன்னும் ஒருக்காகூட ஓடி நான் பாக்குலீங்க. சத்தம் எப்படி இருக்கும்னே தெரியாது. ஆனா தெனமும் காலைல எந்திரிச்சா மொதல்ல இங்க வந்து தார்ப்பாயத் தூக்கிப் பாத்துட்டுத்தான் பல்லு வெளக்கறது.

பொண்ணுங்களா? பேரு தாரணி. அவ ஒண்ணுஞ் சொல்லுல. சரின்னுஞ் சொல்லுல, வேண்டாம்னுஞ் சொல்லுல. பொண்ணுங்க அப்படித்தானே இருக்கும். பூனாவுல அவளுக்கு ஏதோ வேலை வந்திருந்துதுங்க. புது என்ஜின மேடைல வெச்சு ஓட்டிப் பாத்து, எங்க நல்லாருக்குது எங்க கோளாறுன்னு சொல்ற வேலையாமா. அதுக்குத்தான் படிச்சிருக்கறா. ரத்னசாமி அண்ணன் பெருந்தன்மையாத்தான் சொன்னாரு, "எங்கூட்டு மருமவ வேலைக்குப் போயித்தான் ஆகோணும்னு ஒண்ணுமில்லீங்க"ன்னு. இவ அதுக்கப்பறம், "பூனாவுக்கு வர்லீன்னு சொல்லீறட்டுங்களாப்பா"ன்னு கேட்டா. நான் அப்ப வண்டிக்கடியில படுத்துக் கெடந்தேன். "சரி கண்ணு"ன்னேன். கொஞ்ச நேரம் அவ கால் அங்கயே நின்னுட்டு இருந்துது. அப்பறம் போயிட்டா.

அத உடுங்க. நான் சொல்ல வந்தது கோயில் விசயம்.

இந்த வின்சென்டு என்ஜின் வந்த நாள்ல இருந்து மொகத்தத் தூக்கி வெச்சுட்டான். "அண்ணா, இது மூக்குல கனம். வளைவுல திருப்புனா வண்டி நேராப் போகப் பாக்கும். என்ஜினத் தாங்கற கிராஸ் மெம்பர அறுக்கோணும், கியர்பாக்ஸ் சேராது, வயரிங் சேராது, ஆர்.சி. புக்குல என்ஜின் நம்பர் மாத்தறதுக்கு நாய்படாத பாடு படோணும்"ங்கறான். எனக்கு மறுக்கா தூக்கம் போச்சு. அன்னேரம்தான் சகுந்தலா சொல்றா, "ஏனுங்க, சாதகம் பொருந்திருச்சு. எதுக்கும் நம்ம குலதெய்வத்துகிட்ட ஒரு பூக் கேட்டுட்டுச் சரின்னு சொல்லீறலாம்"னு.

உங்க பக்கம் பூக் கேக்கறது உண்டுங்களா? இல்லீல்ல. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம், ரெண்டையும் எலைல வெளிய தெரியாமக் கட்டி சாமி முன்னால போடுவாங்க. நாம மனசுல ஒண்ண நெனைச்சுக்கோணும், வெள்ளை வந்தா இப்படி, செவப்பு வந்தா அப்படின்னு. ஒரு சின்னப் புள்ளைய உட்டு எடுக்கச் சொல்லுவாங்க. வந்தது சாமி வாக்கு. அதுக்கு மேல பேச்சில்ல.

எங்கூட்டுல, வெள்ளை வந்தா இந்தச் சம்பந்தம், செவப்பு வந்தா வேண்டாம்னு வெச்சுட்டாங்க. நான் என்ன நெனைச்சேன்னா, எப்படியும் அவ்வளவு தூரம் போறோம், காங்கயம் தாண்டிப் போகோணும், அதே பூவுல என்ற காரியத்தையும் கேட்டுக்கலாமேன்னு. தப்புங்களா? தனியாக் கேட்டா சகுந்தலா அங்கயே என்ற மானத்த வாங்கீருவா, சாமிகிட்டப் போயி என்ஜினுக்குப் பூக் கேப்பீங்களான்னு. அதனால வாயத் தொறக்காம மனசுக்குள்ளயே வெச்சுட்டேன். வெள்ளைன்னா பழைய என்ஜின். செவப்புன்னா மாத்தறது. செவப்புன்னா வேகமில்லீங்களா.

போனோம். ரத்னசாமி அண்ணனும் வந்து நின்னாரு. பூசாரி பொட்டலத்தப் போட்டாரு. மொட்டையடிக்க வந்த புள்ள ஒண்ணு, மூக்கு ஒழுகிட்டு நின்னுது, அதக் கூப்புட்டு எடுக்கச் சொன்னாரு. பிரிச்சாங்க. வெள்ளை.

சகுந்தலா கன்னத்துல போட்டுக்கறா. ரத்னசாமி அண்ணன் என்ற கையப் புடிக்க வர்றாரு. எனக்கு மனசு பொக்குனு போச்சுங்க. ஆறு சிலிண்டர் ஷெட்டுல காத்துட்டு இருக்குது, அம்மன் நாலே போதும்னுட்டா! நான் என்ன பண்ணுவேன்? வாயில வந்துருச்சு. "பூசாரி, மறுக்கா கேளுங்க"ன்னேன்.

அல்லாரும் என்னையவே பாக்கறாங்க. பூசாரி, "ஏனுங்கண்ணா, அம்மன் தெளிவாத்தானே சொல்லியிருக்குது"ங்கறாரு. "எனக்குத் தெளிவில்லீங்க. கேளுங்க"ன்னேன். சத்தமாத்தான் சொன்னேன். தாரணி அதுவரைக்கும் தரையவே பாத்துட்டு நின்னவ, பட்டுனு தலைய நிமுத்துனா.

மறுக்கா போட்டாங்க. அதே புள்ளதான் எடுத்துது. செவப்பு! "அப்படிப் போடு!"ன்னு கையத் தட்டிட்டேனுங்க. கோயில்ல. குலதெய்வத்துக்கு முன்னால. பூசாரி, "ஒண்ணுக்கு ஒண்ணு ஆயிருச்சு, மூணாவது ஒண்ணு கேட்டு முடிச்சுக்கலாம்"னாரு. உடுவனா நான்? "போதுஞ் சாமி, எத்தன வாட்டி ஆத்தாளத் தொந்தரவு பண்றது, அவ சொன்னாச் சொன்னதுதான்"னுட்டு விழுந்து கும்புட்டு எந்திரிச்சேன். சாமி வரங் குடுத்தாலும் பூசாரி வரங் குடுக்கோணுமேன்னு எனக்குப் பயம்.

எந்திரிச்சுப் பாத்தா ரத்னசாமி அண்ணன் மொகம் சுருங்கிப் போயி நிக்கறாரு. சகுந்தலா மொகத்துல ரத்தமே இல்ல. எனக்கு அப்பக்கூட விசயம் புரியிலீங்க. சத்தியமா. வர்ற வழியெல்லாம் வாடகைக் கார்ல நான் கிராஸ் மெம்பர எந்த எடத்துல அறுக்கறதுன்னு ரோசனை பண்ணிட்டு வர்றேன். தாரணி என்ற தோள்ல தலைய சாச்சுக்கிட்டா. வளந்த புள்ள, எத்தனையோ வருசமாச்சு அப்படிச் சாஞ்சு. என்ற சட்டை ஈரமாயிருச்சு. தலைவலியா கண்ணுன்னு கேட்டேன். இல்லீங்கப்பான்னா.

ஊட்டுக்கு வந்ததும் வின்சென்டுக்குப் போன் போட்டேன். "டேய், அம்மன் வாக்குக் குடுத்துட்டா, அறுக்கற மிசினத் தூக்கிட்டு வா"ன்னேன். அவன் மெதுவாக் கேக்கறான், "அண்ணா, கல்யாணம் நின்னு போச்சுன்னு சகுந்தலாக்கா இப்பத்தான் போன்ல அழுதாங்க. அப்பறம் அது யாரு ஊட்டு என்ஜினுங்கண்ணா?"

பாருங்க தம்பி. நீங்களே சொல்லுங்க. எந்தப் பூவு என்ஜின மாத்தலாம்னு சொல்லுச்சோ, அதே பூவு என்ஜினையும் கொண்டு போயிருச்சு. இப்படி ஒரு அநியாயம் யாருக்காவது நடந்திருக்குங்களா? நான் கேட்டது என்ஜினுக்கு. அவங்கவங்க அவங்கவங்க கேள்விக்குப் பதில எடுத்துட்டா அதுக்கு நானா பொறுப்பு?

சகுந்தலா பேச மாட்டேங்கறா. பேசுனா ஒரே பேச்சுத்தான், "பிடிக்கலீன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல, சபைல வெச்சு மனுசன அவமானப்படுத்துனீங்களே." உள்ளதச் சொல்லீறலாம்னு ஒருநாள் வாயத் தொறந்தேன். "நான் எதுக்கு மறுக்கா கேட்டேன்னா..."ன்னு ஆரம்பிக்கறேன், தாரணி மோர எடுத்துட்டு வந்து நிக்கறா. "அம்மா, அப்பாவத் திட்டாதீங்க"ன்னா. மோரக் குடிச்சேன், வார்த்தையும் அதோட உள்ள போயிருச்சு. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி.

அவ ஆளே மாறிப் போயிட்டாங்க. பாடறா. வண்டியக் கழுவறா. பூனாவுக்கு வர்றேன்னு சொல்லிட்டாளாமா, பொட்டி கட்டறா. ஒருநாள் சிநேகிதிகிட்டப் போன்ல பேசிட்டிருந்தா, என்ற காதுல உழுந்துது. "எங்கப்பா சாமிகிட்டயே மல்லுக்கட்டுனாருடீ, எனக்காக. ஒரு வார்த்தை நான் சொல்லுல, அவரே புரிஞ்சுக்கிட்டாரு"ங்கறா. எனக்கு அங்க நிக்க முடியல. இங்க வந்துட்டேன். இங்க வந்தா இது உக்காந்திருக்குது, தார்ப்பாயப் போத்திட்டு.

காலைல ரத்னசாமி அண்ணன் என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியுங்களா? மூணாவது பூவ அவங்க கோயில்ல கேட்டுக்கலாம்ங்கறாரு. ஒண்ணுக்கு ஒண்ணுதானே ஆயிருக்குது, வாக்கு இன்னும் முடியலீங்கறாரு. "சரின்னா என்ஜின் அங்கயே இருக்கட்டும். வேண்டாம்னா ஏத்தி உட்டுருங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்"னாரு. எவ்வளவு பெரிய மனசு! அவரு கேக்கறதுலயும் நாயம் இருக்குதில்லீங்களா? மூணாவது பூக் கேக்கறது வழக்கந்தானே? பையனும் நல்ல பையன். பூனா எங்க போயிருது. இத ஒருக்கா உள்ள எறக்கி, ஒரே ஒருக்கா ஓட்டிப் பாத்துட்டேன்னா... அந்தக் கல்லாறு ஏத்தத்துல அந்தத் தக்காளி வண்டிக்காரன...

இருங்க, டீ வருது. அட, நீ எதுக்கு கண்ணு கொண்டு வர்ற, அம்மா எங்க? இவருதான் காளிராசா, திருப்பூர்ல இருந்து வந்திருக்கறாரு. ஆமா, என்ஜினுக்குத்தான். இல்ல கண்ணு, சும்மா பேசிட்டு... தார்ப்பாய எதுக்குத் தூக்கற? கையில அழுக்காகும். என்னது? நல்ல என்ஜினா? அதானே, நான் சொன்னனில்ல! ம்? நம்ம வண்டிக்கு இல்லியா? ஏன் கண்ணு? மூக்குல கனமா. அதத்தான் அந்த வின்சென்டும் சொல்றான். நம்மள்துக்கு என்ன பண்ணலாங்கற? போரு, பிஸ்டன். சரி. காத்து உள்ள போற வழியத் தேச்சு உட்டா... டர்போவே வேண்டாமா? ஏத்தத்துல இழுக்குமா? நெசமாலுமா? நீயே பிரிச்சுத் தர்றியா, பூனா போறதுக்குள்ள?

ஏன் கண்ணு, இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?

சரி. சரி கண்ணு. நீ போயி என்ஜின் தூக்கற செயின் பிளாக்க எடுத்துட்டு வா, வெளி வராண்டால இருக்குது.

கேட்டீங்களா தம்பி, என்ன சொல்லிட்டுப் போறான்னு? "நீங்க எங்கிட்டக் கேக்கவே இல்லீங்களேப்பா"ங்கறா. முடி வெட்டறவரு வரைக்கும் கேட்டிருக்கறேன். வெண்ணெயக் கையில வெச்சுட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கறேன், குலதெய்வம் வரைக்கும் போயி. உங்ககிட்ட அவ சொன்னது காதுல உழுந்துதுங்களா? "அண்ணா, வண்டியப் பின்னால எடுத்துக்குங்க. எங்கப்பா மூணாவது பூக் கேக்க மாட்டாருங்க." எப்படிச் சொல்றா பாத்தீங்களா? எனக்கே தெரியாதது அவளுக்குத் தெரிஞ்சிருக்குது.

டீயக் குடிங்க, ஆறிப்போகும்.

ம். வண்டியப் பின்னால எடுங்க தம்பி. எடுங்க, எடுங்க, என்ற மனசு மாறறதுக்குள்ள எடுங்க. பாத்து, அந்தத் தூணு. போதும். இதுக்கு அடியில டயரக் குடுத்துக் கட்டுங்க, ரோட்டுல ஆடக்கூடாது. செயின் பிளாக் வந்ததும் இந்தப் பக்கத்த மட்டும் நான் புடிச்சுக்கறேன், என்ற கையாலயே ஏத்தி உட்டர்றேன். என்ன கனம் பாருங்க.

இன்னொண்ணு தம்பி. அங்க போனதும் ரத்னசாமி அண்ணன் கேப்பாரு, என்னய்யா சொன்னாரு நாச்சிமுத்துன்னு. இப்ப நான் சொன்னதெல்லாம் அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. பொண்ணுக்கு மனசில்ல, அதனாலதான் அவரு அன்னிக்கு மறுக்கா பூக் கேட்டாருன்னு சொல்லுங்க. அப்படித்தான் சொல்லோணும், மறந்துராதீங்க. எங்க, இங்கயே ஒருக்கா சொல்லுங்க பாப்போம். கொஞ்சஞ் சத்தமாச் சொல்லுங்க தம்பி, அவ செயின் பிளாக்கோட வந்துட்டிருக்கறா.